ஒரு கிணறு, இரண்டு படிக்கட்டுகள்: நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இத்தாலியின் ஓர்வியேத்தோ மலையூர் தண்ணீருக்குப் பட்ட பாட்டைப் பற்றிச் சென்ற ஞாயிறு எங்கள் நூலகத்தில் பேசினேன். அந்தப் பேச்சுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஐயாவுக்கு. அந்த ஊரில் 16-ஆம் நூற்றாண்டில் போப் வெட்டுவித்த கிணற்றிலிருந்தே என் கட்டுரையைத் தொடங்கியிருந்தேன். "அதற்கு முன் அந்த ஊரார் தாகத்தோடா இருந்தார்கள்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகுதான் ரோமானியருக்கு முன் அங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் கி.மு. காலத்திலேயே எரிமலைப் பாறையில் குடைந்த ஒடுங்கிய கிணறுகளும், இறங்குவதற்குச் சுவரில் செதுக்கிய கால்குழிகளும், வெளியூர்ச் சுனையிலிருந்து 13-ஆம் நூற்றாண்டில் நீர் கொண்டுவந்த கால்வாயும் என் பேச்சில் இடம்பெற்றன.

1527-இல் ரோம் சூறையாடப்பட்டது. அங்கிருந்து ஓர்வியேத்தோவுக்குத் தப்பிவந்த போப் ஏழாம் கிளமெண்ட், மலையை எதிரி முற்றுகையிட்டால் குடிக்க நீர் வேண்டுமே என்று அஞ்சினார். கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ தா சங்கல்லோ கிணற்றை வடிவமைத்தார். ஆழம் 53 மீட்டர். வேலை முடிந்தது 1537-இல். கிளமெண்ட் அதற்கு மூன்றாண்டு முன்பே இறந்துவிட்டார்.

அங்கே எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டிப் பெண்மணியை மறக்க முடியாது. பாறை முடிந்து செங்கல் தொடங்கும் இடத்தில் என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். செங்கல் சில்லென்று இருந்தது. கீழே மண் இளகியிருந்ததால் செங்கல் கட்டினார்கள் என்று நிதானமாக விளக்கினார்.

தச்சர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வேன்! கிணற்றைச் சுற்றி ஒன்றையொன்று தொடாமல் இறங்கும் இரண்டு சுழல் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். அந்தக் காலத்தில் ஒன்றில் கழுதைகள் வெறும் குடத்தோடு இறங்கின. அடியில் பாலத்தைக் கடந்து, நிறைகுடத்தோடு மற்றொன்றில் ஏறின. இதை ஒட்டுப்பலகையில் செய்யச் சொன்னேன். முதல் மாதிரியில் இரண்டும் நடுவழியில் முட்டிக்கொண்டன. இரவோடு இரவாகப் பிரித்து, மறுபடியும் செய்தார். ஒரு பைசா கூடுதலாக வாங்கவில்லை.

அந்த மாதிரியில் சிவப்பு மணியை ஒரு வழியில் இறக்கி, மறு வழியில் ஏற்றிப் பார்த்த சிறுமி, "கழுதை எங்கேயும் ஒதுங்கி நிற்கவே வேண்டாமா?" என்று கேட்டாள். நான் ஒரு மணிநேரம் சொன்னதை அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். கண்ணே, உனக்கும் நன்றி.

முன்வரிசையில் அம்மா இருந்தார். எங்கள் மேட்டுத் தெருவுக்குச் சரிவில் குடம் சுமந்தவர் அவர். எதிரே ஆள் வந்தால் முள்வேலிப் பக்கம் ஒதுங்கி நிற்பார். பேச்சு முடிந்ததும் என்னிடம், "ஏறுகிறவளுக்குத் தனிவழி விட்டிருக்கிறார்கள், பார்த்தாயா" என்றார். இந்தக் கிணற்றை நான் ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது.

இடமும் நாற்காலியும் தந்த நூலகர் அம்மாவுக்கும், மழையிலும் வந்திருந்த உங்களுக்கும் நன்றி. மாதிரி இப்போது சிறுவர் பகுதி அலமாரியில் இருக்கிறது. மணிகள் பக்கத்துக் கிண்ணத்தில் உள்ளன.

நன்றியுடன்,
உங்கள் நூலக வாசகன்