'நோ கோட்' சரிவின் தொடக்கமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து கிரஞ்ச் (90-களின் கரடுமுரடான ராக் இசை) குழுக்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். நிர்வாணா, சவுண்ட்கார்டன் பற்றிய பகுதிகள் அருமை. ஆனால் அதே நகரத்துப் பேர்ல் ஜாம் குழுவின் 'நோ கோட்' (1996) ஆல்பத்தைச் 'சரிவின் தொடக்கம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டதுதான் மனதுக்கு ஒப்பவில்லை.

விற்பனைக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது, சரி. 1993-ல் அவர்களுடைய 'வெர்சஸ்' ஆல்பம் வெளியான ஐந்தே நாளில் 9 லட்சத்துக்கு மேல் விற்றது. 'நோ கோட்' முதல் வாரத்தில் 4 லட்சத்தைத் தொடவில்லை. குழுவுக்குள்ளும் நிம்மதி இல்லை. ஒலிப்பதிவு தொடங்கி மூன்று நாள் கழித்துத்தான் பேஸ் வாசிக்கும் ஜெஃப் அமென்டுக்கே விஷயம் தெரிந்தது. பாட்டுகளுக்கு வீடியோ எடுப்பதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தோடு மோதியதில் அமெரிக்காவில் கச்சேரி நடத்துவதே பெரும்பாடாகிவிட்டது.

ஆனால் ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். முதல் பாட்டு 'சம்டைம்ஸ்' கிட்டத்தட்ட முணுமுணுப்பு. அது அடங்கியதும் 'ஹெயில், ஹெயில்' கிட்டார்கள் காதில் வந்து மோதும். முந்தைய ஆண்டு குழுவின் பாடகர் எடி வெடர், 'டெட் மேன் வாக்கிங்' படத்துக்காகப் பாகிஸ்தானின் கவ்வாலி (சூஃபி பக்தி இசை) பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானோடு சேர்ந்து பாடியிருந்தார். அந்தக் கவ்வாலியின் சாயல் 'ஹூ யூ ஆர்' பாட்டில் தெளிவாகவே கேட்கிறது. வெடர் அதில் எலெக்ட்ரிக் சிதார் வாசிக்கிறார், அடியில் ஜாக் அயர்ன்ஸின் டிரம்ஸ் உருண்டுகொண்டே இருக்கிறது. இதைத்தான் ஆல்பத்தின் முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வெளியிட்டார்கள்! முதல் ஆல்பமான 'டென்'னின் ஆவேசத்துக்காகக் காத்திருந்த ரசிகர்கள் திகைத்துப்போனதில் வியப்பில்லை. 'ஆஃப் ஹீ கோஸ்' பாட்டில், வந்த வேகத்திலேயே கிளம்பிவிடும் ஒரு நண்பன் வருகிறான். அந்த நண்பன் தான்தான் என்று வெடரே பிறகு சொல்லியிருக்கிறார். 'டென்' நாட்களில் இவ்வளவு நிதானமாக அவர் பாடியதில்லை.

அட்டையையும் சொல்லியாக வேண்டும். மொத்தம் 144 போலராய்டு படங்கள். முழுதாக விரித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால், முக்கோணத்துக்குள் ஒரு கண் தெரியும்.

அந்தக் காலகட்டத்தில் கிரஞ்ச் குழுக்களின் கதி என்ன? நிர்வாணாவின் பாடகர் கோபைன் 1994-ல் போய்ச் சேர்ந்தார். சவுண்ட்கார்டன் 1997-ல் கலைந்தது. பேர்ல் ஜாமோ பிழைத்தது. ஹிட் பாட்டுக்காக வந்த கூட்டம் 'நோ கோட்'டோடு விலகியது. தங்கியவர்கள் இவர்கள் எதை வாசித்தாலும் கேட்கத் தயாராக இருந்தார்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் பாட்டு வரிசையை மாற்றி மாற்றி வாசிக்கும் துணிச்சல் இவர்களுக்கு இருப்பது அந்த ரசிகர்களை நம்பித்தான். 2024-லும் புது ஆல்பம் வந்திருக்கிறது. சரிந்துபோன குழு இப்படியா இருக்கும்?

தொடரின் அடுத்த பகுதியில் 'நோ கோட்'டுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஜாக் அயர்ன்ஸின் பெயரையும் விட்டுவிட வேண்டாம். பாடகரைத் தேடிச் சியாட்டிலிலிருந்து வந்த டெமோ (மாதிரிப் பாட்டு) கேசட்டை சான் டியாகோவில் இருந்த வெடரிடம் 1990-ல் சேர்த்தவரே அவர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்