திரும்பவும் வந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போன வருடம் இதே மாதம் எங்கள் குழந்தைகள் இல்லத்தில் 14 பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது 11 பேர். அந்த மூன்று பேர் எங்கே என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். வீட்டுக்குப் போய்விட்டார்கள். அனுப்பி வைத்தது நீங்கள்தான். அதனால் முதல் நன்றியை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூவரும் கூடப் பிறந்தவர்கள். அப்பா இறந்து, அம்மாவுக்கு வேலையும் போய், இருந்த வீடு மழைக்கு ஒழுக ஆரம்பித்த நேரத்தில் எங்களிடம் வந்தார்கள். அந்த அம்மா பிள்ளைகளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. கையில் காசு இல்லை, அவ்வளவுதான். வறுமையை மட்டுமே காரணமாக வைத்து ஒரு பிள்ளையைப் பெற்றவரிடமிருந்து பிரிக்கக் கூடாது, அந்தக் குடும்பத்துக்குத்தான் கைகொடுக்க வேண்டும் என்று பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்கான பராமரிப்பு பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2009-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் கைகொடுக்கப் பணம் வேண்டுமே. இல்லத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு உதவி கேட்டால் கிடைக்கும். வீட்டுக்குத் திரும்பப் போகிற பிள்ளைக்குக் கேட்டால், “அதான் அம்மாகிட்டயே போறாங்களே, அப்புறம் என்ன?” என்ற பதில்தான் பல இடங்களில் வந்தது.

உங்களில் ஆறு பேரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கூரையை மாற்றினோம். ஒரு தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தோம். அந்த அம்மாவின் வருமானம் ஒரு நிலைக்கு வரும் வரை எட்டு மாதம் வீட்டுச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டீர்கள். புறப்படும் அன்று சின்னவள் தன் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொண்டு போனாள். காலியான அந்த மூன்று கட்டில்களும் இந்த வருடம் நாங்கள் செய்த ஆகப் பெரிய வேலை என்று நினைக்கிறேன். அது உங்கள் ஆறு பேருடைய வேலை.

அடுத்து, சம்பளத்துக்குப் பணம் தந்தவர்களுக்கு. கட்டடத்துக்கு, கணினிக்கு, புதுத்துணிக்கு என்றால் மனம் உவந்து தருகிறவர்கள், ஊழியர் சம்பளம் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரிகிற பொருளாக நிற்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த மாதிரி ஒரு வீட்டில் பிள்ளைக்கு மருந்தே மனிதர்தான். இரவு இரண்டு மணிக்கு அலறி எழுகிற பிள்ளை, நேற்று தட்டிக்கொடுத்த அதே கை இன்றும் வருகிறதா என்றுதான் பார்க்கும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால், ‘இவங்களும் போயிடுவாங்க’ என்ற கணக்கைத்தான் அது கற்றுக்கொள்ளும். மாதாமாதம் சின்னச் சின்னத் தொகையாக நீங்கள் அனுப்பியதில்தான் எங்கள் இரவுப் பணி அக்கா இருவரும் நான்காவது வருடமாக இங்கேயே இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் செய்த ஒரு காரியத்தை எழுதாவிட்டால் இந்த மடல் நிறையாது. எங்களிடம் வந்த ஒரு பிள்ளை சாப்பாட்டை எடுத்துப் போய்த் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பாள். எறும்பு வரும், நாற்றம் வரும். பசியில் நாள் கணக்காகக் கிடந்த பிள்ளைகள் இப்படிச் செய்வது வழக்கம்தான். திட்டினால் இன்னும் ஆழமாக ஒளிப்பார்கள். அக்கா திட்டவில்லை. மூடி போட்ட ஒரு தகர டப்பாவை அவள் கட்டில் ஓரத்தில் வைத்தார். “இது உன்னுது. யாரும் தொட மாட்டாங்க. தீர்ந்தா சொல்லு, நெறச்சுத் தரேன்” என்றார். முதல் மாதம் தினமும் காலையில் டப்பா காலியாக இருக்கும், அக்கா நிறைப்பார். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை. பிறகு வாரத்துக்கு ஒரு முறை. ஐந்தாவது மாதம் ஒரு நாள் நான் எதேச்சையாக உள்ளே பார்த்தேன். தின்பண்டம் எதுவும் இல்லை. ஒரு கோலிக்குண்டு, பாதி அழிப்பான், அவளுடைய விழுந்த பால் பல் ஒன்று. டப்பாவோடு அக்காவும் ஐந்து மாதம் அங்கே இருந்தார், அதனால்தான் இது நடந்தது. நீங்கள் கொடுத்தது அந்த ஐந்து மாதத்தை.

கைக்குழந்தைகளை எடுத்து வளர்த்த இரண்டு குடும்பங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று உண்மையாகவே தெரியவில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நாங்கள் இல்லத்தில் வைத்துக்கொள்வதில்லை. எங்களுக்கு மனமில்லாமல் இல்லை. எத்தனை அன்பான இல்லமானாலும் முறை வைத்து வேலை பார்க்கும் ஊழியர்கள் ஒரு தாயின் மடிக்கு ஈடாக மாட்டார்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி காப்பகத்திலேயே இருந்தவர்களைவிட மேலாக இருந்தது. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களிடம் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதைப் படித்த பிறகுதான் நாங்கள் வளர்ப்புக் குடும்பங்களைத் தேடத் தொடங்கினோம். இந்த வருடம் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு, ஐந்து மாதக் குழந்தை ஒன்றை இப்போதே வைத்துக்கொள்ள முடியுமா என்று தொலைபேசியில் கேட்டேன். “கொண்டு வாங்க, தொட்டில் கட்டிட்டு இருக்கோம்” என்றீர்கள். வாசலில் வண்டி நின்றபோது உங்கள் வீட்டு விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. என்றாவது அந்தக் குழந்தை தன் சொந்தங்களிடம் திரும்பிப் போகலாம், அப்போது மனம் உடையும் என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டீர்கள்.

பல் மருத்துவருக்கு. உங்களிடம் அழைத்து வந்த பையன் யாரையும் முகத்தருகே கை கொண்டுவர விட மாட்டான். முதல் நாள் நாற்காலியில் உட்கார வைத்து ஏற்றி இறக்கிக் காட்டியதோடு அனுப்பிவிட்டீர்கள். இரண்டாம் முறை அந்தச் சின்னக் கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்தீர்கள். மூன்றாம் முறை அவனே வாயைத் திறந்தான். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அந்த இரண்டு நாளை எங்களுக்காக ஒதுக்கியதை நான் மறக்க மாட்டேன்.

படம் கேட்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய தொகை தருவதாகச் சொன்ன ஓர் இடத்தில், பிள்ளைகளைப் பதாகையோடு வரிசையாக நிற்க வைத்து முகம் தெரியப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். முடியாது என்றோம். பணம் நின்றது. அந்தப் பணத்தை நம்பிக் குளியலறைகளைப் பாதி இடித்துப் போட்டிருந்தோம், மூன்று மாதம் மிகவும் சிரமப்பட்டோம். பிள்ளையின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 16-ஆம் பிரிவில் சொல்கிறது. அது இல்லாவிட்டாலும் நாங்கள் சம்மதித்திருக்க மாட்டோம். நாளைக்கு இந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும், வேலைக்குப் போகும். தன் துயரத்தை யாரிடம் சொல்வது என்பதை அது முடிவு செய்யட்டும். அந்தக் குளியலறைகளைக் கட்டி முடித்தவர்கள் நீங்கள் இருபத்தி மூன்று பேர். ரசீதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

பதினெட்டு வயது முடிந்து வெளியே போன எங்கள் மூத்த பிள்ளைக்கு அறை கொடுத்தவருக்கும், வேலை கற்றுக்கொடுத்தவருக்கும், சான்றிதழ்களில் பெயர்ப் பிழையைத் திருத்த ஒவ்வொரு அலுவலகமாக அவனோடு ஏறி இறங்கியவருக்கும் நன்றி. முன்பணம் கட்ட ஆளில்லாத, கையெழுத்துப் போட உறவில்லாத ஒரு பையனுக்கு இவை எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனே உங்களிடம் சொல்லியிருப்பான்.

கடைசியாக, சனிக்கிழமைக்காரர். பிள்ளைகள் உங்களை அப்படித்தான் சொல்கிறார்கள். சனிக்கிழமை நான்கு மணிக்கு வருவீர்கள், சைக்கிள்களைத் தலைகீழாக நிறுத்திப் பிள்ளைகளோடு சேர்ந்து பழுது பார்ப்பீர்கள், ஆறு மணிக்குப் போய்விடுவீர்கள். உங்களுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, மருத்துவமனையிலிருந்து சரியாக நான்கு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தீர்கள். “இந்த வாரம் வர முடியாதுப்பா. அடுத்த வாரமும் முடியாது. அதுக்கு அடுத்த வாரம் வந்துடுவேன்” என்று எங்கள் பையன் ஒருவனிடமே சொன்னீர்கள். அவனுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்கள் நிறைய. நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தான், எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது சனிக்கிழமை நீங்கள் கைத்தடி ஊன்றி வாசலில் நின்றபோது அவன் ஓடிவரவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்து உங்கள் கையில் கொடுத்தான்.

இந்தப் பகுதியை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன், வாசித்தும் காட்டினேன். பெயர் போடவில்லை என்று உறுதி செய்துகொண்டு சரி என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, “வெறும் ஸ்பேனர்னு போட்டா எப்படி, 15 நம்பர் ஸ்பேனர்னு எழுதுங்க” என்றான்.

15 நம்பர் ஸ்பேனர், ஐயா.

அன்புடன்,
இல்லத்தின் பொறுப்பாளர்