ஏல விலைச் செய்திகளில் விடுபடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய, பிரிட்டிஷ் ஓவியங்கள் லண்டனிலோ நியூயார்க்கிலோ ஏலம் போகும்போதெல்லாம், எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விலைக்கு விற்றதாக ஒரு செய்தி தங்கள் நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் குடியிருந்துகொண்டு, கைக்கு எட்டுகிற விலையில் அக்காலத்துச் சிறு ஓவியங்களைப் பல ஆண்டுகளாக ஏலத்தில் எடுத்துவருகிறவன் என்ற முறையில், அந்த விலை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று எழுத விரும்புகிறேன்.

முதலில் கணக்கு. ஏலப் பட்டியலில் ஓவியத்தின் முன்மதிப்பு, அதாவது ஏல நிறுவனம் எதிர்பார்க்கும் விலை, 10,000 முதல் 12,000 பவுண்டு வரை என்று அச்சிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். போட்டி சூடுபிடிக்காமல், கீழ்மதிப்பான 10,000 பவுண்டிலேயே ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டி முடித்துவிடுகிறார். அதன்மேல் வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வசூலிக்கும் கட்டணம் 26 விழுக்காடு என்றால் மொத்தம் 12,600 பவுண்டு ஆகிறது. பல ஏல நிறுவனங்கள் முடிவாக வெளியிடுவது இந்தத் தொகையைத்தான். முன்மதிப்பிலோ அந்தக் கட்டணம் சேர்வதில்லை. மந்தமாக முடிந்த ஏலம் மறுநாள் நாளிதழில் மேல்மதிப்பையே தாண்டிய ஏலமாக மாறிவிடுவது இப்படித்தான். அந்தக் கட்டணத்தின் மேல் 20 விழுக்காடு வரியும் உண்டு என்பதால் வாங்கியவரின் கையிலிருந்து போவது 13,120 பவுண்டு. பெரிய ஏல நிறுவனங்களான கிறிஸ்டீஸும் சாதபீஸும் 1975இல் லண்டனில் இக்கட்டணத்தைக் கொண்டுவந்தபோது அது 10 விழுக்காடாகத்தான் இருந்தது. அதற்கே ஓவிய வணிகர்கள் கொதித்தார்கள். இன்று பல இடங்களில் அது கால் பங்கைத் தாண்டியிருக்கிறது, யாரும் வாய் திறப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்கள் பணத்தைப் பத்திரமாகப் போட்டுவைக்க ஏற்றவை என்ற கருத்தும் இத்தகைய செய்திகளின் ஊடே தலைகாட்டுகிறது. பிரிட்டனில் வாழ்ந்த ஓவியர் அல்மா-டடேமா வரைந்த, ஆற்றிலிருந்து குழந்தை மோசே கண்டெடுக்கப்படும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அதை 1904இல் முடித்தார் என்பதால் கண்டிப்பாகப் பார்த்தால் அது இருபதாம் நூற்றாண்டு ஓவியம். ஆனாலும் ஏல நிறுவனங்கள் அதை முந்தைய நூற்றாண்டின் பிரிவிலேயே சேர்க்கின்றன. வரையச் சொன்னவர் 5,250 பவுண்டு கொடுத்தார். 1960இல் அது ஏலத்திற்கு வந்தபோது 252 பவுண்டுக்கு மேல் கேட்க ஆளில்லாமல் விற்காமலே திரும்பியது. 1995இல் 28 லட்சம் டாலர், 2010இல் ஏறத்தாழ 3.6 கோடி டாலர். கடைசித் தொகையை மட்டும் படிக்கிறவருக்கு, இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் அதை வைத்திருந்தவர்களின் நிலைமை கண்ணில் படுவதே இல்லை.

ஆனால் விலையைவிட முக்கியமாக நான் கருதுவது, பட்டியலில் ஓவியரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓரிரு சொற்களை. பெயர் மட்டும் தனியாக இருந்தால், அது அவரே வரைந்தது என்பது நிறுவனத்தின் கருத்து. 'அவருடையதாகக் கருதப்படுவது', 'அவர் பட்டறையைச் சேர்ந்தது', 'அவர் வட்டத்தினர் வரைந்தது', 'அவரைப் பின்பற்றியவர் வரைந்தது', 'அவர் பாணியில் அமைந்தது' என்று ஒவ்வொரு படியாக நிறுவனம் ஏற்கும் பொறுப்பு குறைந்துகொண்டே போகிறது. சால்ஸ்பரி தேவாலயத்தைக் காட்டும் ஒரு சிறு தைல ஓவியம் 2013இல் லண்டனில், ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் கான்ஸ்டபிளைப் பின்பற்றியவர் வரைந்தது என்ற குறிப்போடு 3,500 பவுண்டுக்குப் போனது. பிற்காலத்தில் யாரோ மேலே பூசியிருந்த கருத்த வண்ணத்தை நீக்கிய பிறகு, 2015 ஜனவரியில் நியூயார்க்கில் கான்ஸ்டபிளின் பெயரிலேயே 52 லட்சம் டாலருக்கு அது விற்றது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். டச்சு ஓவியர் மரீனஸ் கூக்கூக்கின் நிலக்காட்சி ஒன்று 2003இல் ஸ்டாக்ஹோமில் சுமார் 65,000 டாலருக்கு விற்றது. மறு ஆண்டே அதிலிருந்த ஆட்டுக்குட்டிகளும் அவர் கையொப்பமும் மறைந்து, ரஷ்ய ஓவியர் ஷிஷ்கினின் கையொப்பத்தோடு பல லட்சம் பவுண்டு முன்மதிப்பில் லண்டன் ஏலப் பட்டியலில் ஏறியது. உண்மை தெரியவந்ததும் கடைசி நேரத்தில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

கையொப்பத்திற்கும் இதே இலக்கணந்தான். 'கையொப்பமிட்டது' என்றால் ஓவியரே இட்டது. 'கையொப்பம் காணப்படுகிறது' என்றால் அதை யார் இட்டார் என்று நிறுவனம் பொறுப்பேற்கவில்லை. முதல் சில ஆண்டுகளில் இந்த வேறுபாடு எனக்கே தெரியாது. ஒரு சிற்றூர் ஏலத்தில், நீரோடையில் மாடுகள் நிற்கும் ஓவியம் ஒன்றை இரண்டாவது வகைக் குறிப்போடு வாங்கிவந்தேன். இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் புற ஊதாக் கைவிளக்கைப் பிடித்தபோது, பழைய வார்னிஷ் முழுவதும் இளம்பச்சையாக ஒளிர, வலது மூலையிலிருந்த கையொப்பம் மட்டும் அந்தப் பச்சையின் மேல் மை சிந்தியதுபோல் கருப்பாக மிதந்தது. வார்னிஷ் பூசிக் காய்ந்த பிறகு வேறொருவர் எழுதிய பெயர் அது. நிறுவனத்தின்மேல் குறை சொல்ல வழியில்லை. பட்டியல் உள்ளதைத்தான் சொல்லியிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. மாடுகள் நன்றாக இருக்கின்றன. இன்னமும் கூடத்துச் சுவரில்தான் நிற்கின்றன.

ஏலத்திற்கு முன் ஓவியங்களைப் பார்வைக்கு வைக்கும் நாளில் பணியாளரிடம் கேட்டால் ஓவியத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். வெட்கப்படாமல் கேட்க வேண்டும். கான்வாஸின் பின்புறத்தில் வண்ணப்பொருள் விற்ற கடையின் முத்திரை, லண்டனின் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பியபோது ஒட்டிய தாள், முந்தைய ஏலங்களின் எண்கள் எல்லாம் சில சமயம் அப்படியே இருக்கும். பின்னால் இன்னொரு துணி ஒட்டப்பட்டிருந்தால் அவை மறைந்துபோயிருக்கும் என்பதோடு, ஒட்டும்போது கொடுத்த சூட்டிலும் அழுத்தத்திலும் முன்புறத்தில் தடித்து நின்ற வண்ணம் தட்டையாகியிருக்கவும் கூடும். நிழலுக்கு ஆழம் சேர்க்க அக்காலத்து ஓவியர் பலர் பயன்படுத்திய நிலக்கீல் கலந்த பழுப்பு வண்ணம் முழுமையாகக் காய்வதே இல்லை; அது முதலைத் தோல்போல் வெடித்திருந்தால் திருத்துவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜெர்மனி, ஆஸ்திரியா வழியாக வந்த ஓவியங்களில் 1933 முதல் 1945 வரை யாரிடம் இருந்தன என்பதையும் கேட்க வேண்டும். யூத வணிகர் மாக்ஸ் ஸ்டெர்ன், நாஜி ஆட்சியின் கட்டாயத்தால் 1937இல் கொலோனில் ஏலம்விட்டவற்றில் ஜெர்மன் ஓவியர் விண்டர்ஹால்டரின் ஓவியம் ஒன்றும் இருந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2007இல், அதை அவர் தரப்பினரிடம் திருப்பித் தரும்படி ஓர் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை வைத்திருந்தவர்கள் விலை கொடுத்து வாங்கியவர்களின் வழிவந்தவர்கள்தாம்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய செய்தியை வெளியிடும்போது, விலை கட்டணம் சேர்ந்ததா சேராததா என்பதையும், பட்டியலில் ஓவியரின் பெயர் எந்தச் சொல்லோடு அச்சாகியிருந்தது என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் சேர்ந்து ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
லண்டன்.