பின்மூடிப் படம் கேள், அம்மாடி

அன்புள்ள அம்மாடிக்கு,

ஏலப் படங்கள் வந்தன. 11 படம், கூட ஒரு வரி கிடையாது. சரி, வாட்சைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படேக் ஃபிலிப் 130, ஸ்டாப் வாட்சும் சேர்ந்த கைக்கடிகாரம். மஞ்சள் தங்கம், 33 மில்லிமீட்டர், ஸ்டாப் வாட்சுக்கு இரண்டு பொத்தான். 1934-ல் வரத் தொடங்கிய மாடல். உள்ளே வால்ஷூ கம்பெனியின் 23-ஐ அடியாக வைத்து படேக்காரர்கள் இழைத்து முடித்த மூவ்மெண்ட், அதாவது ஓட்டும் இயந்திரம். பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய், உன் கண்ணை நினைத்துப் பெருமையாக இருந்தது. பணம் எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

முதலில் பின்மூடியின் உள்பக்கப் படம் கேள். கேட்லாக்கில் மூவ்மெண்ட்தான் இருக்கிறது, மூடி இல்லை. மூவ்மெண்ட் எண், கேஸ் எண் இரண்டும் கம்பெனியின் ஆவணச் சான்றோடு ஒத்துப்போக வேண்டும். செய்த வருடமும் விற்ற தேதியும் அந்தத் தாளில் இருக்கும். டயல் அசலா என்று மட்டும் அது சொல்லாது. எண் பொருந்திவிட்டது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய.

டயலைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல். அசல் எழுத்து, செதுக்கிய பள்ளத்தில் எனாமல் நிரப்பிச் சுட்டது. 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் லேசாக மேடு தெரியும். மறுபடி அச்சடித்த டயலில் மை தட்டையாகப் படிந்திருக்கும். அதிகம் கழுவியிருந்தால் நிமிடக் கோடுகள் மெலிந்து, அங்கங்கே விட்டுப்போயிருக்கும். டயல் கெட்டால் விலையில் பாதி போய்விடும், சில சமயம் அதற்கும் மேல்.

அடுத்தது பட்டை மாட்டும் காதுகள். நான்கும் ஒரே தடிமனா, விளிம்பு கத்தியாக நிற்கிறதா என்று பார். 18 காரட் ஸ்விஸ் முத்திரை ஹெல்வெட்டியா பெண்ணின் தலை. காதில் குத்தியது மழுங்கியிருந்தால் மெருகேற்றும் பஃப் சக்கரம் தங்கத்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். போன தங்கம் திரும்ப வராது.

தாத்தா வாட்சின் காது வயசில் தேய்ந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. வயசு இல்லை. சக்கரத்தில் பிடித்தது நான்தான். உன் கையில் பளபளவென்று கொடுக்க ஆசைப்பட்டேன். இப்போது அந்த முத்திரையில் முகமே இல்லை, ஒரு மேடுதான் மிச்சம். நீ லூப் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்தாய். அன்றிலிருந்து போனும் குறைந்துவிட்டது. அதனால்தானா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை.

இருக்கட்டும். ஓட விட்டு வீடியோ கேள். மேல் பொத்தானை அழுத்தினால் செக்கண்ட் முள் கொஞ்சம் உதறலாம், பல்லோடு பல் முட்டும்போது அப்படித்தான். அதிகம் தாவினால் இணைப்புச் சக்கரத்தின் ஆழம் சரியில்லை. செக்கண்ட் முள் 60-ஐக் கடக்கும்போது ஸ்டாப் வாட்சின் நிமிட முள் ஒரே ஒரு கோடு நகர வேண்டும். கீழ்ப் பொத்தானுக்கு அந்த இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் நேராக விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் முள்ளின் குழல் தளர்ந்திருக்கிறது. முழுச் சாவி கொடுத்து, டயலை மேலே வைத்து, ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு, 270 டிகிரியாவது காட்ட வேண்டும். ஸ்டாப் வாட்சை ஓட விட்டதும் 30-க்கு மேல் இறங்கினால் சர்வீஸ் செலவையும் கணக்கில் சேர். பொத்தான் வழியாக வியர்வை இறங்கித் துரு பிடிப்பது இந்தக் கேஸ்களுக்குப் பழைய வியாதி, அதற்கும் பின்மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். பின்மூடிப் படம் கேள் என்று சொன்னேனா?

சுத்தியல் விழுகிற விலை நீ கட்டுகிற விலை அல்ல. வாங்குபவர் கமிஷன் கால் பங்கைத் தாண்டுகிற இடங்கள் உண்டு. வரி, இன்ஷூரன்ஸ், அனுப்பும் செலவு தனி. எல்லாவற்றையும் பின்னோக்கிக் கழித்து, உன் கடைசித் தொகையைத் தாளில் எழுதிக்கொள். எதிரே இன்னொருவர் கை தூக்கினால் அந்தத் தாளை மறக்காதே. கடன் வாங்கி மட்டும் வேண்டாம். கேட்கவில்லை, சொல்கிறேன்.

ஏலத்துக்கு முன்னால் மூடிப் படத்தை அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை. லூப் மேசை மேலேயே இருக்கிறது.

அப்பா