கட்டில் எங்களுடையது, ஸ்டிக்கர் வேறொருவருடையது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வியாசர்பாடியில் சின்னதாக ஒரு இரும்புத் தளவாடப் பட்டறை வைத்திருக்கிறேன். விடுதிக் கட்டில், ஆய்வக மேசை, புத்தக அலமாரி எல்லாம் செய்வோம். அரசுப் பல்கலைக்கழகங்களின் டெண்டர் அறிவிப்புகளை விடாமல் பார்ப்பேன். பார்ப்பதோடு சரி, பெரும்பாலானவற்றில் கலந்துகொள்ள வழியில்லை.

காரணம் விலையும் இல்லை, தரமும் இல்லை. கட்டில், மெத்தை, மின்விசிறி, நாற்காலி என்று ஒரு விடுதிக்கு வேண்டிய அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே டெண்டராக விடுகிறார்கள். அதற்கு மூன்று வருட டர்ன்ஓவர் இத்தனை கோடி, இதே அளவு வேலை ஏற்கெனவே செய்ததற்குச் சான்று என்று நிபந்தனை வேறு. வெல்டிங் பட்டறைக்காரன் மெத்தைக்கு எங்கே போவான்?

அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. சில வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழக விடுதி ஆர்டரை எடுத்த பெரிய நிறுவனம், கட்டில் வேலையை எங்கள் பகுதிப் பட்டறைகளுக்கே பிரித்துக் கொடுத்தது. சதுரக் குழாயை அறுத்து, பற்றவைத்து, கிரைண்டிங் போட்டு, பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பி, வண்டியில் ஏற்றியது வரை எங்கள் ஆட்கள்தான். தலைமாட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் அவர்களுடையது. எங்களுக்கு வந்தது கூலி. அடுத்த டெண்டரில் முன் அனுபவம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட எங்கள் பெயரில் கிடையாது.

டெண்டரைப் பிரித்தால் தணிக்கையில் மாட்டுவோம் என்பார்கள் அதிகாரிகள். டெண்டரே விடாமல் தப்பிக்கத் தொகையைத் துண்டு போடுவது தப்புதான். 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்ததே இம்மாதிரி தில்லுமுல்லுகளைத் தடுக்கத்தான். நான் கேட்பது வேறு. எல்லோரும் பார்க்கிற அதே டெண்டருக்குள் கட்டில் தனிப் பிரிவு, மெத்தை தனிப் பிரிவு என்று வையுங்கள். யாரால் எது முடியுமோ அதற்கு மட்டும் விலை கொடுக்கட்டும். டர்ன்ஓவர் நிபந்தனையும் அந்தப் பிரிவின் மதிப்புக்கு ஏற்றபடி இருக்கட்டும்.

மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கைப்படி, அதன் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 ஆக இருந்தது, 2018-இல் கூட்டினார்கள். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனமான சிபிசிஎல் அந்தக் கொள்கைக்குக் கட்டுப்பட்டது. சேப்பாக்கம், கிண்டி, மாதவரத்தில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகங்களை அது கட்டாயப்படுத்தாது. ஆனால் தாங்களாகவே அப்படி ஒரு இலக்கு வைத்துக்கொள்ள யார் தடுத்தார்கள்? கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கும் பெண்களால் ஆய்வக அங்கி தைக்க முடியாதா? 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீதம் மூலதன மானியம் தருகிறது தமிழக அரசு. நல்ல திட்டம். மானியத்தில் மெஷின் வாங்கியவருக்கு ஆர்டர் கொடுப்பதும் அரசு வேலைதானே?

கடைசியாக, பணம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புகார் கொடுக்கலாம். கொடுத்தவன் அடுத்த டெண்டருக்கு அதே அலுவலகத்தில்தான் போய் நிற்க வேண்டும், அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் யாரிடம் எவ்வளவு வாங்கியது, எந்த பில் எத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது என்பதை வருடாவருடம் தன் இணையதளத்தில் போட வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட், தன் அடுத்த கூட்டத்திலேயே இதை முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை-39