தர்மபுரி அண்ணனுக்காக அழுதேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தாங்களே பெயர் வைத்து, முகம் அமைத்து உருவாக்கிய வீரர்கள் விளையாட்டில் செத்துப்போனால் பிள்ளைகள் அழுகிறார்கள், சோறு வேண்டாம் என்கிறார்கள், இது மனநோயின் தொடக்கம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வயது 46. இரண்டு பெண்களுக்குத் தகப்பன். நானும் அப்படி அழுதவன்தான்.

வாளையாரில் வணிகவரிச் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த நாட்களின் லாரி வரிசை நினைவிருக்கும். கேரளாவுக்குள் போக வேண்டிய வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். இரவெல்லாம் நிற்கும். பில்லை நகல் எடுப்பது, சரக்கு விவரத்தை இணையத்தில் பதிந்து கொடுப்பது, ரீசார்ஜ் செய்வது, இதுதான் என் வேலை. டிரைவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். முட்டை ஏற்றி வருபவர் நாமக்கல், சிமெண்ட் வண்டிக்காரர் சங்ககிரி, புளி கொண்டுவருபவர் தர்மபுரி. ஊர்தான் பெயர்.

இரவு இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறையும். அந்த நேரத்துக்குத்தான் 2013இல் எக்ஸ்காம்: எனிமி அன்நோன் என்ற விளையாட்டை வாங்கிப் போட்டேன். ஃபிராக்ஸிஸ் நிறுவனம் செய்தது, 2012இல் வெளிவந்தது. ஜூலியன் கோலப் 1994இல் செய்த பழைய எக்ஸ்காமின் மறு வடிவம். வேற்றுக்கிரகத்தார் பூமியைத் தாக்குவார்கள், நீங்கள் நாலு பேர், பிறகு ஆறு பேர் கொண்ட படையை அனுப்பி எதிர்க்க வேண்டும். நம் முறை, அவர்கள் முறை என்று மாறி மாறி நகர்த்த வேண்டும், சதுரங்கம் மாதிரி. ஆனால் சதுரங்கத்தில் சிப்பாய்க்கு முகம் கிடையாது. இதில் ஒவ்வொரு வீரனுக்கும் பெயரை மாற்றலாம், தலைமுடி, தாடி, மீசை எல்லாம் அமைக்கலாம். செத்தால் செத்ததுதான். அயர்ன்மேன் என்ற முறையில் ஆடினால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்யவும் வழியில்லை. நான் அந்த முறையில்தான் ஆடினேன்.

படைக்கு ஆள் சேர்ந்ததும் வரிசையில் நிற்பவர்களின் பெயரையே வைத்தேன். வேறு யாரை எனக்குத் தெரியும்? தர்மபுரி அண்ணன் ராக்கெட் லாஞ்சர் தூக்கும் ஹெவி என்ற வகை வீரர். மீசை மட்டும் அச்சாக அவருடையது. முதுகில் பிரேசில் கொடி இருந்தது, அந்த ஆட்டத்தில் நாட்டை மாற்ற முடியாது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அவர் சார்ஜென்ட் ஆனார், கேப்டன் ஆனார். ஒவ்வொரு சண்டையிலும் கடைசியாக வண்டி ஏறுவது அவராகத்தான் இருக்கும்.

2014இல் ஒரு இரவு, ஊருக்குள் புகுந்த கிறிஸ்ஸலிட் என்ற வேற்றுக்கிரக உயிர்களிடமிருந்து பொதுமக்களைக் காப்பாற்ற வேண்டிய சண்டை. பூச்சி மாதிரி இருக்கும், ஓடி வந்து கொத்தும். கொத்தப்பட்டுச் செத்தவர் கொஞ்ச நேரத்தில் பிணமாக எழுந்து நம்மையே அடிக்க வருவார். அந்த நேரம் பார்த்து மூன்று வண்டிக்காரர்கள் கடைக்குள் வந்தார்கள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று தர்மபுரி அண்ணனை மறைவே இல்லாத இடத்துக்கு இரண்டு கட்டம் முன்னால் தள்ளினேன். அது காத்திருக்கும் விளையாட்டு. என் முறையில் நான் நகர்த்தும்வரை எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அசையாமல் நிற்கும். நான்தான் நிற்கவில்லை. அவரைக் கொன்றது என் அவசரம். எழுந்து வந்தவரை நாமக்கல்தான் சுட வேண்டியிருந்தது.

வந்தவர்களுக்குப் பில் அடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். விடியக் காலையில் வீட்டுக்குப் போனதும் என் மனைவி முகத்தைப் பார்த்தே கேட்டாள். "என்னங்க, யாருக்கு என்ன?"

"தர்மபுரி போயிட்டாரு."

"ஐயோ, ஆக்சிடென்டா?"

சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. விளையாட்டைப் பற்றிய கோபம் இல்லை. உயிரோடு இருக்கிற மனுஷனைப் பற்றி இப்படிச் சொல்லலாமா, ஒரு போன் பண்ணிப் பாருங்க என்றாள். பண்ணினேன். சேலம் தாண்டி வந்துகொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கு டீ இறங்கியது.

அடுத்த முறை புளி லோடுடன் வந்தபோது அவரிடமே சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எப்படிச் செத்தேன்?" என்று கேட்டார். விளையாட்டில் படைவீடு ஒன்று உண்டு, அதன் சுவரில் செத்தவர்களின் பெயர், எந்தச் சண்டையில் செத்தார்கள், எத்தனை எதிரிகளை வீழ்த்தினார்கள் எல்லாம் எழுதியிருக்கும். அதைக் காட்டினேன். ஆங்கில எழுத்தில் தன் ஊர்ப் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்க பக்கம் இதுக்குக் கல்லு நடுவாங்க தம்பி" என்றார்.

பிறகுதான் நான் தேடிப் படித்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகற்கள் ஏராளம். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். மாடு பிடிக்க வந்தவர்களை எதிர்த்துச் செத்தவன், புலியோடு போராடிச் செத்தவன். பெயர், ஊர், எப்படிச் செத்தான். கல்லில் இருப்பதும் அதுதான், என் திரையில் இருந்ததும் அதுதான். முன்பின் தெரியாத ஒருவனின் கல்லுக்கு ஆயிரம் வருஷம் கழித்தும் பூப்போடுகிற ஊரில், தான் கூடவே நடத்திக்கொண்டு போன ஒருவனுக்காக ஒரு பிள்ளை கண் கலங்குவதை நோய் என்று எப்படிச் சொல்வது?

தாங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. விளையாட்டு செய்கிறவர்களுக்கும் அது தெரியும். ஜப்பானில் 1990இல் தொடங்கிய ஃபயர் எம்ப்ளம் என்ற வரிசையில் செத்தவர் செத்ததுதான் என்ற விதி ஆரம்பத்திலிருந்தே உண்டு. 2010இல்தான் சண்டையில் விழுந்தவர்கள் அடுத்த சண்டைக்குத் திரும்பி வரும்படி ஒரு தெரிவையும் சேர்த்தார்கள். வேண்டுகிறவர்கள் அப்படி ஆடட்டும். என் சின்னப் பெண் அப்படித்தான் ஆடுவாள். ஆனால் அழுதவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிய கட்டுரை அது. யாருக்குப் பெயர் வைத்தாய், ஏன் அந்தப் பெயர் என்று ஒரு பிள்ளையிடம் கேட்டிருந்தால் போதும். தாத்தா பெயரோ, பள்ளி மாறிப்போன சிநேகிதி பெயரோ, ஏதோ ஒன்று வெளியே வந்திருக்கும். அடுத்த முறையாவது கட்டுரையாளர் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது, வரிச் சோதனைச்சாவடி போனது, லாரி வரிசையும் போனது. அது நல்லதுதான், ஒரு மனிதன் ராத்திரி முழுக்க ரோட்டில் கிடக்கக் கூடாது. என் கடையை அந்த வருஷமே மூடினேன். வண்டிகள் நிற்காமல் பாலக்காட்டுக்குப் போகின்றன. தர்மபுரி அண்ணனின் பழைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

அந்த விளையாட்டின் அடுத்த பாகமான எக்ஸ்காம் 2இல் நாம் அமைத்த ஆட்களைச் சேமித்து வைத்து, புது ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். நாமக்கல், சங்ககிரி, தர்மபுரி மூவரும் அதில் இருக்கிறார்கள். இதில் நாட்டை மாற்ற முடிகிறது, இந்தியக் கொடி வைத்திருக்கிறேன். அண்ணன் இந்தக் கடிதத்தைப் பார்த்தால், மீசையில் நரை விழுந்திருக்கிறதா என்று மட்டும் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடட்டும். மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
சு. மு.,
வாளையார், பாலக்காடு மாவட்டம்