சட்டம் மனதையா தண்டிக்கிறது, மகள்?

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். வெறுப்புக் குற்றச் சட்டங்களைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையை ஆறுதலாக இருந்து வாசித்தேன். அடித்ததற்குத் தண்டனை கொடுப்பது சரி, வெறுத்ததற்கும் சேர்த்துக் கொடுத்தால் அது மனதுக்குக் கொடுக்கிற தண்டனை என்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் எனக்கு உடன்பாடில்லை.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை டவுனில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை போட்டதாகச் சொல்லி நம்மவர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையை உடைத்தார்கள். பள்ளிவாசலையும் விடவில்லை. கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கூட்டமாகச் சூழ்ந்து மிரட்டி, அவர் ஒப்புக்கொண்டது போல வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார்.

அடுத்த கிழமை காணி அலுவலாக நானும் உன் மாமாவும் மாவட்டச் செயலகத்துக்குப் போனோம். பஸ் அம்பாறையை நெருங்கும்போது மாமா தொப்பியைக் கழற்றி, மடித்து, சேட்டுப் பைக்குள் வைத்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலுவல் முடிந்ததும் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் திரும்பினோம். காசுக்காக ஒரு கள்ளன் அந்தக் கடையை உடைத்திருந்தால் மாமா ஏன் தொப்பியைக் கழற்றப் போகிறார்? அந்தக் கல் சம்மாந்துறையில் இருந்த அவருக்கும் சேர்த்துத்தான் எறியப்பட்டது. காயம் பெரிது, அதனால் தண்டனையும் பெரிது. இதில் மனதைத் தண்டிப்பது எங்கே இருக்கிறது?

நீ இருக்கிற இங்கிலாந்தின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடு. சாதாரணத் தாக்குதலுக்கு 6 மாதம் என்றால், இனப்பகையோடு செய்ததற்கு 2 வருடம் வரை. அடி விழாமல் வெறுப்பு மட்டும் இருந்தால் அந்தப் பிரிவு ஒருவரையும் தொடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1993இல் விஸ்கான்சின் வழக்கில் ஏகமனதாக இதைத்தான் ஏற்றது. ஏன் செய்தான் என்பதைத் தண்டனை அளக்கும்போது நீதிபதிகள் எப்போதும் பார்த்தே வந்திருக்கிறார்கள் என்றது. அந்த வழக்கில் அடிபட்டவன் வெள்ளைச் சிறுவன், தண்டனை கூடியது ஒரு கறுப்பின இளைஞனுக்கு. ஆக, சிறுபான்மைக்கு மட்டும் சலுகை என்ற உன் வாதமும் நிற்காது.

நீ பயப்படுகிற சட்டம் வேறு ஒன்று. அது நம் நாட்டில்தான் இருக்கிறது. 2007இல் மனித உரிமையின் பெயரால் வந்த ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை) சட்டம். 2019 மேயில், உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைப் பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணை அந்தச் சட்டத்தில்தான் பிடித்து உள்ளே வைத்தார்கள். அதே வருடம் ஒரு சிறுகதைக்காக ஒரு சிங்கள எழுத்தாளரையும் மாதக்கணக்கில் அடைத்தார்கள். அவர்கள் இருவரும் யார் மேலும் கை வைக்கவில்லை. கல் எறிந்தவனுக்குக் கூடுதல் தண்டனை கொடுப்பதையும், கதை எழுதியவரைச் சிறையில் போடுவதையும் ஒரே தட்டில் வைக்காதே, மகள். உன் கோபம் இரண்டாவதன் மேல் திரும்பட்டும்.

எனக்கு விளங்காத இடம் ஒன்று இருக்கிறது. வாய் திறக்காமல் அடித்துவிட்டுப் போனவனின் பகையை இங்கிலாந்தில் எப்படி நிரூபிக்கிறார்கள்? அவனுடைய பழைய பேஸ்புக் பதிவுகளைத் தோண்டலாமா? எவ்வளவு தூரம் தோண்டலாம்? உன் விரிவுரையாளரிடம் கேட்டு விபரமாக எழுது.

இப்படிக்கு,
வாப்பா